பளிங்கில் கடல் எழுதிய கணக்கு

நேப்பிள்ஸுக்குப் போகிறவர்கள் பாம்பேய், காப்ரி, அமால்ஃபி என்று கிளம்பிவிடுகிறார்கள். மேற்குப் பக்கம் போகும் புறநகர் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பொட்சுவோலி வந்துவிடும். கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட பவுல் அப்போஸ்தலர் கரையிறங்கிய பழைய துறைமுகம் அது. ஒரு நாள் கையில் இருந்தால் நான் அங்கேதான் போகச் சொல்வேன்.

ஊர் நடுவே, தெரு மட்டத்துக்குக் கீழே, ரோமர் காலச் சந்தையின் இடிபாடு கிடக்கிறது. அதில் 12 மீட்டருக்கும் மேல் உயரமான மூன்று பளிங்குத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அடியிலிருந்து சுமார் 3.5 மீட்டர் வரை வழவழப்பு. அதற்கு மேலே, ஓர் ஆள் உயரத்தையும் மிஞ்சும் அகலத்தில், தூணைச் சுற்றிலும் துளைகள். அவற்றை எந்த உளியும் குடையவில்லை. குடைந்தது ஒரு சிப்பி.

பேரீச்சம்பழம் போலப் பழுப்பு நிறமும் நீள உருவமும் கொண்ட சிறிய உயிர் அது. பல் இல்லை, நகம் இல்லை. உடலில் சுரக்கும் நீரால் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக் கரைத்து உள்ளே குடியேறுகிறது. அதன் ஓடும் சுண்ணாம்புதானே, அது ஏன் கரையவில்லை? ஓட்டின் மேல் பழுப்பாக ஒரு மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது, அதுதான் காப்பு. கல்லைக் கரைக்கும் நீரையும் கொடுத்து, அந்த நீரிலிருந்து காக்கும் போர்வையையும் கொடுத்த இறைவனின் கருணையை என்னவென்று சொல்வது!

இந்தச் சிப்பி கடலுக்குள் மட்டுமே வாழும். ஆகவே துளை இருக்கும் உயரம் வரை ஒரு காலத்தில் கடல் நின்றிருக்கிறது. அடிப்பகுதியை மண்ணும் எரிமலைச் சாம்பலும் மூடியிருந்ததால் அங்கே சிப்பிக்கு இடம் கிடைக்கவில்லை. ஏறி இறங்கியது கடல் அல்ல, நிலம். அதுவும் எவ்வளவு நிதானமாக! பல மீட்டர் அமிழ்ந்து, மறுபடி மேலே வந்தும் தூண்கள் சாயவில்லை. சார்லஸ் லயல் 1830இல் வெளியிட்ட தம் நிலவியல் நூலின் முகப்புப் படமாக இந்தத் தூண்களையே வைத்தார்.

பொட்சுவோலி உட்கார்ந்திருப்பது காம்பி ஃப்ளெக்ரேய் என்னும் மாபெரும் எரிமலைக் குழிக்குள். அடியில் பாறைக்குழம்பும் சூடான வாயுவும் நீரும் அழுத்தும்போது நிலம் எழும்புகிறது. அழுத்தம் தணிந்தால் இறங்குகிறது. 1538இல் அந்த அழுத்தம் வெடித்து, ஒரே வாரத்தில் புது மலை ஒன்று முளைத்தது. மோன்தே நுவோவோ என்ற அந்த மலையில் இன்று மரங்கள் அடர்ந்திருக்கின்றன. 1982க்கும் 1984க்கும் இடையே ஊர் ஏறக்குறைய 1.8 மீட்டர் உயர்ந்தது. துறைமுகத்தில் தண்ணீர் வற்றிப் படகுகள் தரைதட்டின. ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2005 முதல் நிலம் மீண்டும் எழும்பி வருகிறது. அந்த மண்ணை நம்பித்தான் அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வேடிக்கை பார்க்கப் போகும் நாம் அதை மறந்துவிடக் கூடாது.

மாலையில் பக்கத்திலுள்ள பாயாவுக்குப் போகலாம். ரோமானியச் செல்வந்தர்களின் மாளிகைகள் அங்கே கடலுக்கடியில் கிடக்கின்றன. அடியில் கண்ணாடி பதித்த படகிலிருந்து பார்த்தால் சுவர்கள் தெரியும். முக்குளிக்கத் தெரிந்தவர்கள் வண்ணக்கல் பதித்த தரைகள் வரை இறங்கலாம். அந்தக் கடற்பரப்பு 2002 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி.

கடலோர உணவகம் எதிலாவது அந்தப் பழுப்புச் சிப்பியை ரகசியமாகக் கொண்டுவந்து வைத்தால் தொடாதீர்கள். விரல் நீளம் வளர அதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதை எடுக்கக் கடலடிப் பாறையையே உடைக்க வேண்டும். உடைத்த இடத்தில் மற்ற உயிர்களும் அழிந்து பாறை வெறுமையாகிவிடும். அதைப் பிடிப்பதும் விற்பதும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் தடை செய்யப்பட்டிருக்கிறது.