அனுபோகமும் உரிமையும்

அரசு மானியமாக அளித்த நிலத்தில் வேறொருவர் பல்லாண்டுகள் அமர்ந்து, பின்னர் அதனைத் தமதெனக் கோருவதைச் சட்டம் ‘எதிரிடை அனுபவ உரிமை’ என்கிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இதற்குத் தனியார் நிலத்தில் 12 ஆண்டுகளும் அரசு நிலத்தில் 30 ஆண்டுகளும் கழிய வேண்டும். எனவே மானிய நிலம் இன்னும் அரசினுடையதா, பெற்றவருக்கே முழுதும் உரியதாகிவிட்டதா என்பதே முதற்கேள்வி.

நபி (ஸல்) அவர்கள் பிலால் இப்னு ஹாரிஸ் அல்முஸனீ (ரலி) அவர்களுக்கு மதீனாவை அடுத்த அகீக் பள்ளத்தாக்கை மானியமாக வழங்கியிருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சியில், பிலாலால் பயிரிட இயன்றதை மட்டும் அவரிடம் விட்டு, எஞ்சியதை முஸ்லிம்களுக்குப் பகிர்ந்தளித்தார்கள். இதனை எதிரிடை அனுபவத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. தரிசாய்க் கிடந்ததை மீட்டவர் ஆட்சித் தலைவர். இடையில் புகுந்து அமர்ந்த எவரும் அல்லர்.

ஃபிக்ஹு அறிஞர்கள் காலவரம்பை அறியாதவர்கள் அல்லர். உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ சட்டத்தில், பொதுவான வழக்குகளுக்கு 15 ஆண்டுகளும், வக்ஃபின் மூலச் சொத்தைப் பற்றி முத்தவல்லி தொடுக்கும் வழக்குக்கு 36 ஆண்டுகளும் வரம்பாயின. ஆயினும் காலம் கடந்தால் வழக்குத்தான் கேட்கப்படாது, உரிமை அழியாது. நிலம் பிறருடையதென அனுபவிப்பவரே நீதிபதியின் முன் ஒப்புக்கொண்டால், எத்தனை ஆண்டுகள் கழிந்திருப்பினும் உரியவருக்கே தீர்ப்பாகும். இந்தியச் சட்டத்தின் 27ஆம் பிரிவோ, தவணை முடிந்ததும் உரிமையாளரின் உரிமையையே அழித்துவிடுகிறது. இரண்டுக்குமுள்ள தூரம் சிறிதன்று. முன்னதில் ஆக்கிரமித்தவரின் பொறுப்பு இறைவனிடத்தில் அப்படியே நிற்கிறது.

நம் தர்காக்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் நவாபுகளும் பிற மன்னர்களும் விட்ட இனாம் நிலங்களுக்கு இப்போது இது நேரடிக் கவலையாகிவிட்டது. 1995ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டத்திலிருந்த 107ஆம் பிரிவு, வக்ஃபு நிலத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரம்பு கிடையாதென்று காத்துவந்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அக்காவலை நீக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையும் இந்நீக்கத்தை நிறுத்திவைக்கவில்லை.

ஆனால் அனுமதி பெற்றோ குத்தகைக்கோ அமர்ந்தவரின் அனுபவம், எத்தனை காலம் நீடித்தாலும், தானாக எதிரிடையாகாது. ஆகவே ஜமாஅத்தின் பழைய பெட்டியில் கிடக்கும் குத்தகைச் சீட்டும், 1858இல் அமைந்த சென்னை மாகாண இனாம் கமிஷனின் பதிவேட்டு நகலும் இன்று முத்தவல்லிகள் முதலில் தேட வேண்டியவை.