தைனமோவும் வானொலியும்: வன்னி அனுபவம் பற்றிய ஒரு தொழில்நுட்பக் குறிப்பு

இலங்கையின் ஒலிபரப்பே கழித்த பொருளிற் பிறந்ததுதான். கொழும்புத் தந்தி அலுவலகப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு 1923இல் பரிசோதனைப் பரப்பியை அமைத்தார். ஏறக்குறைய எழுபது ஆண்டுகளின் பின்னர், கிடைத்ததைக் கொண்டு வானொலியை இயக்கும் நிலை வடக்கில் மறுபடி தோன்றியது. முன்னது அரச திணைக்களமொன்றின் ஆய்வு. பின்னது முற்றுகைக்குட்பட்ட மக்களின் தேவை. இரண்டையும் ‘கைத்திறன்’ என்ற ஒரே சொல்லாற் புகழ்வது பின்னதன் காரணத்தை மறைத்துவிடும்.

தெற்கே செட்டிகுளத்திலிருந்து வடக்கே கிளிநொச்சிவரை விரியும் வன்னி நிலத்தில், அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்கு 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருளும் உலர்கலமும் தடுக்கப்பட்டன. மின்சாரமும் இல்லை. குண்டுவீச்சு, இடப்பெயர்வு, போர்முனை நிலவரம் ஆகியவற்றை வெளியார் குரலில் அறிய, லண்டன் தமிழோசையும் மணிலா வெரித்தாஸும் மக்களுக்கு வேண்டியிருந்தன. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, தைனமோவால் வானொலியை ஒலிக்கச் செய்தனர்.

இது எவ்வாறு இயன்றது? விரியலாக்கி ஒலியைத் தானே ஆக்குவதில்லை. வழங்கலிலிருந்து பெறும் மின்வலுவை நலிந்த சைகையின் வடிவுக்கேற்ப ஒலிபெருக்கிக்கு விடுகிறது. ஆகவே வலு எவ்வளவு தேவை என்பதே அடிப்படை வினா. வண்டித் தைனமோ 6 வோல்ற்றில் 3 வாற்று தருவது. பழைய வானொலிகளிற் பரவலாக இருந்த 6வீ6 என்னும் வால்வின் இழையைச் சூடாக்குவதற்கே 6.3 வோல்ற்றில் 0.45 அம்பியர், அதாவது ஏறத்தாழ 2.8 வாற்று செலவாகும். தைனமோவின் முழு ஆற்றலும் ஒரு வால்வின் சூட்டோடு தீர்ந்துவிடும். திரான்சிற்றருக்கு இழையே இல்லை; சிறிய வானொலியொன்று மிதமான ஒலியில் ஒரு வாற்றின் சிறு பங்கோடு அமைதி கொள்ளும். வால்வுக் காலத்தில் இம்முற்றுகை நேர்ந்திருப்பின் தைனமோ உதவியிராது.

தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். பழுதான வானொலிகளிற் கழற்றிய நான்கு இருவாயிகளைப் பாலமாக இணைத்தால் ஓட்டம் ஒரே திசைப்படும். ஓட்டம் எப்போதும் இரண்டு இருவாயிகளைக் கடப்பதால் ஏறக்குறைய 1.4 வோல்ற்று இழக்கப்படும். சிலிக்கன் இருவாயியாயின் இதனைத் தவிர்க்கவியலாது. எஞ்சும் ஏற்றவிறக்கத்தைக் கொள்ளளவி தணிக்கும்; அது இல்லையேல் செய்தியோடு இரைச்சலும் கேட்கும்.

பெரிய இடர் வேறொன்று. சுமை குறைந்த தைனமோவை விரைவாகச் சுற்றினால் வோல்ற்றளவு ஆறைக் கடந்து பன்மடங்கேறி, திரான்சிற்றரை எரித்துவிடக்கூடும். வண்டியின் விளக்குக் குமிழையே சமாந்தரமாக விட்டுவைப்பது எளிய காப்பு. மிகுதி வலுவைக் குமிழ் உண்டுவிடும். அதன் ஒளியே வேகத்தையும் காட்டும்.

மற்றொன்று, சேமிப்பின்மை. 1000 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியொன்று 50 மில்லியம்பியர் ஓட்டத்தை ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்திலொரு பங்குக்கே தாங்கும். மிதி நின்றால் செய்தியும் நின்றது. எனவே அரைமணி நேர ஒலிபரப்புக்கு அரைமணி நேர உழைப்பு வேண்டும், அதுவும் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளுடையது.

2002 ஜனவரியிற் தடைகள் பெரும்பாலும் நீக்கப்பட்ட பின்னரே உலர்கலம் வன்னிக் கடைகளுக்குத் தாராளமாக வந்தது.