ஒரு கலம் சோர்ந்தால்...

1990களில் வடக்கில் மின்கலங்களுக்குத் தடை இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். இருப்பதைக் கொண்டு சமாளிப்பது எமக்குப் பழக்கமானது. 'வோக்கி ரோக்கி'யின் பற்றறி செயலிழந்தாலும் அதை எறிந்துவிட வேண்டியதில்லை, உட்கலங்களை மாற்றலாம். ஆனால், கைவைக்குமுன் சிலவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

பழைய பற்றறிகள் பலவற்றுள் நிக்கல்-கட்மியம் கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கலம் 1.2 வோல்ற்று, ஆறு சேர்ந்தால் 7.2. இவை பெரும்பாலும் ஒன்றாகச் சாவதில்லை. முதலில் ஒன்று சோரும். மற்றைய ஐந்தும் அதனூடாக மின்னைத் தள்ள, அதன் முனைகள் நேர்மாறாகிவிடும். அப்போது கருவியில் மற்றவர் குரல் கேட்கும். நாம் பேச அழுத்தியதும் நின்றுவிடும். பேசுவதற்கே அதிக மின் தேவை.

மின்னேற்றிய பற்றறியில் சிறு மின்குமிழை எரியவிட்டு, ஒவ்வொரு கலத்தையும் மல்ரிமீற்றரால் அளந்தால் சோர்ந்த கலம் தெரியும். அதை மட்டும் மாற்றினால் போதாது. கிழட்டு மாட்டோடு இளங்காளையைப் பூட்டிய கதையாகிவிடும். ஒரே வகை, ஒரே கொள்ளளவு கொண்ட ஆறையும் மாற்றுவதே நல்லது.

கலத்தின்மேல் நேரடியாக ஈயம் பற்றவைக்காதீர்கள்; சூடு உட்பாகத்தைக் கெடுக்கும். தகடு பொருத்திய கலங்களையே வாங்குங்கள். உள்ளிருக்கும் வெப்ப உணரியையும் உருகியையும் அதே இடத்தில் வையுங்கள். 1200 மில்லியம்பியர்-மணிக் கலங்களுக்கு முதல் மின்னேற்றம் 120 மில்லியம்பியரில் 14 மணி நேரம் போதும். நிக்கல்-ஐதரைட்டுக் கலமும் 1.2 வோல்ற்றுதான்; ஆனால் மின்னேற்றி அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும். இலிதியம் பற்றறியைத் திறக்கவே வேண்டாம், தீப்பற்றும்.

கழற்றிய கலங்களை என்ன செய்வது? இதுவே விவசாயிகளாகிய எமக்கு முக்கியமான கேள்வி. ஜப்பானின் தொயாமாப் பகுதியில் சுரங்கக் கழிவின் கட்மியம் ஆற்றுநீரோடு வயலுக்குப் பாய்ந்து, நெல்லில் ஏறியது. அச்சோற்றை உண்டவர்களின் எலும்புகள் நொருங்கின. 'நோகுது, நோகுது' என்ற பொருளில் 'இதாய்-இதாய்' என்றே அந்நோய்க்குப் பெயர். சூழல் மாசினால் வந்த நோயென 1968இல் அரசு ஏற்றுக்கொண்டது.

எனவே பழைய கலங்களை எரிக்கவோ, புதைக்கவோ, கிணற்றடியில் போடவோ வேண்டாம். முனைகளை ரேப்பால் மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத போத்தலில் சேர்த்து, உரிமம் பெற்ற மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்போம். நாம் மீண்டும் உழவேண்டிய மண் அது.