உழைத்த கூலி கைக்கு வராவிட்டால்...

பத்தாம் திகதி என்றால் சப்ரகமுவ தோட்டப்புறங்களுக்குச் சம்பள நாள். எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, பலாங்கொடை, இறக்குவானை ஆகிய ஊர்களின் கடைத்தெருக்கள் அன்று நிறைந்துவிடும். கடன் கொப்பிகள் புரட்டப்படும். அரிசி, மா, பிள்ளைகளுக்குச் செருப்பு எல்லாம் அன்றைய பணத்தை நம்பித்தான். அந்தப் பத்தாம் திகதி பொய்த்துப் போனால்? கொழுந்து பறித்த கைக்கும் றப்பர் பால் வெட்டிய கைக்கும் “அடுத்த வாரம் பார்ப்போம்” என்ற பதில் மட்டும் கிடைத்தால்? லயத்து அடுப்பு அணைகிறது. அவர்களுக்குக் கடன் கொடுத்த நமது கடைக்காரர் வீட்டுக் கணக்கும் சேர்ந்தே தடுமாறுகிறது. ஆகவே, சகோதரிகளே, “இது தோட்டத்து ஆட்களின் விஷயம்” என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

மார்க்கம் காட்டும் வழி

உழைப்பாளியின் வியர்வை உலர்வதற்கு முன்பே கூலியைக் கொடுத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதைவிடக் கடுமையான எச்சரிக்கையும் உண்டு. ஒருவரிடம் முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமை நாளில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது.

குகையில் அடைபட்ட மூவரின் சம்பவமும் நாம் அறிந்ததே. அவர்களில் ஒருவர், கூலியை வாங்காமல் போய்விட்ட ஒரு வேலையாளின் பங்கைத் தனியே வைத்துப் பெருக்கினார். அவன் திரும்பி வந்தபோது ஒட்டகம், மாடு, ஆடு என்று மந்தையாகவே கொடுத்துவிட்டார். அந்தச் செயலை முன்வைத்து அவர் துஆச் செய்தபோதுதான் குகை வாயிலை அடைத்திருந்த பாறை முற்றாக விலகியது. பிறர் கூலி நம் கையில் இருந்தால் அது அமானிதம்.

துண்டு முறையிலிருந்து சம்பளச் சபை வரை

மலையகத் தோட்டங்களின் சரித்திரத்தில் கூலியை நிறுத்தி வைப்பது புதிதல்ல. பழைய காலத்தில் “துண்டு” என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடனோ தீராது; ஆளும் நகர முடியாது. 1921ஆம் ஆண்டில்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் வந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பது 1984இல்தான் கிடைத்தது. இவை எதுவும் சும்மா கிடைத்தவை அல்ல.

சம்பளச் சபைகள் சட்டப்படி, மாதச் சம்பளமாக இருந்தால் மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். வாரச் சம்பளம் என்றால் 3 நாட்களுக்குள். பணம் உழைத்தவர் கைக்கே போக வேண்டும். மனைவியின் சம்பளத்தைக் கணவர் போய் வாங்கி வரும் பழக்கம் தோட்டங்களில் நீண்ட காலம் இருந்தது. பெண்ணின் சம்பாத்தியம் பெண்ணுக்கே உரியது என்பது நமது மார்க்கமும் சொல்லும் நீதிதானே!

முதலில் செய்ய வேண்டியவை

சம்பளம் நின்றதும் கோபத்தில் வேலைக்குப் போவதை நிறுத்திவிடுவது பெரும் தவறு. “அவளாகவே வேலையை விட்டுப் போய்விட்டாள்” என்று சொல்ல அது இடம் கொடுத்துவிடும். பிரட்டுக்குப் போங்கள், பெயர் போடச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு கொப்பி வையுங்கள். எந்தத் திகதியில் வேலை, எத்தனை கிலோ கொழுந்து, அரைப் பெயரா முழுப் பெயரா என்பதை அன்றன்றே குறித்து வாருங்கள். சம்பளச் சீட்டுகளையும் முற்பணம் வாங்கிய விவரத்தையும் எறியாமல் சேர்த்து வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி திருக்குர்ஆனே அறிவுறுத்துகிறதல்லவா? மழையால் பால் வெட்டாத நாள் வேறு, வெட்டியும் கூலி வராத நாள் வேறு. அந்த வித்தியாசத்தைக் காட்டப்போவது இந்தக் கொப்பிதான்.

வெற்றுத் தாளில் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள். வாங்காத பணத்துக்கு “வாங்கினேன்” என்று ஒப்பமிடாதீர்கள்.

அடுத்து, தோட்டத் தலைவர் அல்லது மாதர் சங்கத் தலைவி மூலமாக நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பதிவுத் தபாலில் அனுப்பினால் பற்றுச்சீட்டே சாட்சியாகும்.

தொழில் அலுவலகத்தின் படி

அதற்கும் பதில் இல்லையென்றால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அலுவலகங்கள் உள்ளன. முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். அடையாள அட்டை, தொழில் வழங்குபவரின் பெயர், முகவரி, வேலைக்குச் சேர்ந்த திகதி, எந்த மாதங்களின் சம்பளம் பாக்கி என்ற விவரம் ஆகியவற்றுடன் போங்கள். தொழில் அதிகாரி இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார். செக்ரோலையும் கேட்டுப் பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. கொடுக்க மறுத்தால் விஷயம் நீதவான் நீதிமன்றம் வரை போகலாம்.

வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள் என்றால் அது வேறு வழி. தொழில் நியாய சபையில் 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். “பேசித் தீர்ப்போம்” என்று இழுத்தடித்தே அந்த ஆறு மாதத்தைக் கடத்திவிடுவோரும் உண்டு. கவனம்!

கண்ணுக்குத் தெரியாத சம்பளம்

கையில் வரும் பணம் மட்டும் சம்பளம் அல்ல. ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்படுகிறது. தொழில் வழங்குபவர் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதத்தை அவரே கட்ட வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்கூலியில் 20 நாள் வேலை செய்தால் 27,000 ரூபா. அதில் நம்மிடம் பிடிப்பது 2,160. அவர் போட வேண்டியது 3,240. நம்பிக்கை நிதி 810. பிடித்த பணத்தை நிதிக்கு அனுப்பாமல் விட்டால், அது நம் பையிலிருந்தே எடுத்தது ஆகாதா? பெண்கள் 50 வயதில் அப்பணத்தைக் கேட்கப் போகும்போதுதான் கணக்கு வெறுமையாக இருப்பது தெரியவரும். இது கற்பனையல்ல. ஜனவசம என்று நாம் அறிந்த அரச தோட்ட நிர்வாகத்தின் கீழ், கண்டி, மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இந்த நிதிகள் ஒழுங்காகக் கட்டப்படாமல் பாக்கி விழுந்தது. ஓய்வு பெற்றவர்கள் தமக்குரிய பணத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். எனவே வருடத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் கணக்கு மீதியைக் கேட்டுப் பாருங்கள்.

பணிக்கொடையும் அப்படியே. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, நாட்கூலி என்றால் வருடத்துக்கு 14 நாள் சம்பளம் உண்டு. 20 வருட சேவைக்கு, 1,350 ரூபா கணக்கில், 378,000 ரூபா வரும். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் அது கொடுக்கப்பட வேண்டும்.

நம் வீட்டு வாசலிலும்...

இனி ஒரு கசப்பான கேள்வி. தோட்டத்திலிருந்து நமது வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கும், நமது கடைகளில் சாமான் கட்டும் பையனுக்கும் மாதம் பிறந்ததும் கூலி கொடுக்கிறோமா? “பெருநாளைக்குச் சேர்த்துத் தருகிறேன்”, “உன் தகப்பன் வந்தால் கொடுக்கிறேன்” என்று சொல்வதில்லையா? உடைந்த கோப்பைக்கும் காய்ச்சலில் படுத்த நாளுக்கும் கழிப்பதில்லையா? சாப்பாடும் பழைய உடுப்பும் கொடுப்பது நல்ல காரியம்தான், அது ஸதகா. கூலி ஸதகா அல்ல, கடன். ஸதகாவைக் காட்டிக் கடனை மறைக்க முடியாது.

சம்பளம் நின்றுபோன குடும்பம் நம் கடையில் கடன் வைத்திருந்தால், கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்லும் இறைகட்டளையை நினைவில் வைப்போம். தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த பெண்பிள்ளைகள் நமது வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். லயத்துச் சகோதரி ஒருத்திக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை. அந்தத் துஆ நமக்கு எதிராக அன்றி, நமக்காக எழும்படி வாழ வல்ல நாயன் அருள் புரிவானாக!