கருப்பு கவுனியை கூகுள் எப்படிக் கண்டுபிடிக்கும்?

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் மறைந்த 'நெல்' ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்கள், மாப்பிள்ளைச் சம்பாவையும் பூங்காரையும் மறுபடி டெல்டா வயல்களுக்குக் கொண்டுவந்தன. இன்று அந்த அரிசியைச் சொந்த இணையதளத்தில் விற்கிறவர்களும் உண்டு. ஆனால், தேடுகிறவர் கண்ணில் அந்தத் தளம் பட வேண்டுமே!

அரிசியின் பெயர், விலை, ஊர் எல்லாவற்றையும் ஒரே பெரிய படத்துக்குள் அடைத்துவிடுவதுதான் முதல் தவறு. கூகுள் பெரிதும் நம்புவது பக்கத்தில் உள்ள எழுத்தைத்தான். ஒவ்வொரு அரிசிக்கும் தனிப் பக்கம் வையுங்கள். தலைப்பில் 'முகப்பு' என்று போடாமல் அரிசியின் பெயரையே போடுங்கள். ஒருவர் 'கவுனி' என்று தேடுவார், இன்னொருவர் 'கவுணி' என்பார். ஊரும் அப்படித்தான்: தஞ்சாவூர், தஞ்சை, வெளிநாட்டுக்காரருக்கு டாஞ்சூர். இவை இயல்பாக வரும்படி நாலு வரி எழுதினால் போதும். எவ்வளவு நேரம் ஊற வேண்டும், கஞ்சிக்கு ஆகுமா, புட்டுக்கு ஆகுமா? கடைக்கு வருகிறவர் கேட்பதைத்தான் கூகுளிலும் தட்டுகிறார்கள். பதில் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

சொற்களை மறைத்துத் திணிக்கும் பழைய தந்திரமெல்லாம் வீண். கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கைக் கண்டுகொள்வதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. 'ஒரே வாரத்தில் முதலிடம்' என்று பணம் கேட்டு யாராவது வந்தால் உஷார்! முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்பது கூகுளே சொல்வது.

எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை கூகுளின் 'சர்ச் கன்சோல்' இலவசமாகவே காட்டும். பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.