தோப்பும் விளையும்

கடன் மனுக்களில் நில விவரம் கேட்குமிடத்தில், மரம் நிற்கும் நிலம் எதுவாயினும் அங்கத்தினர் பலர் 'தோப்பு' என்றே எழுதிவிடுகின்றனர். நாஞ்சில் நாட்டில் மரக்கூட்டத்திற்குப் பெயர் ஒன்றன்று.

மூடு என்பது தனிமரத்தின் அடி. 'பத்து மூடு தென்னை' என எண்ணுவது அதனாலேயே. நாகர்கோவில் வேப்பமூட்டின் பெயரிலும் அச்சொல்லே உள்ளது. ஓரின மரங்களை வரிசையாய் நட்டது தோப்பு. கால்வாய் நீர் ஏறாத மேட்டில் தென்னை, பனை, மா, பலா, புளி எனக் கலந்து நிற்பது விளை. பெருவிளை, கட்டையன்விளை என ஊர்ப்பெயர்களாகவும் அது நிலைத்துவிட்டது. 1956 நவம்பர் 1-க்கு முற்பட்ட திருவிதாங்கூர்ப் பத்திரங்களில் காணும் புரையிடம், வீட்டைச் சூழ்ந்த மனையையும் மரங்களையும் குறிக்கும்.

மூங்கிலைப்போல் ஓரடியிலிருந்து பல தண்டுகள் கிளைத்தால் தூறு. செடியும் கொடியும் பின்னிக்கிடந்தால் புதர். காவு வேறு. நாகத்திற்கென விடப்பட்ட, கோடரி படக்கூடாத சிறுவனம் அது. (படவிட்டவர்களும் உண்டு, அது தனிக்கதை.) மலைப்பள்ளங்களில் அடர்ந்து நிற்பது சோலை, ஆங்கில வனநூல்களும் இச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டன.

சொல் தவறினால் ஈடும் தவறும். பத்துத் தென்னை நிற்கும் விளையைத் 'தென்னந்தோப்பு' என்றெழுதினால், பார்வையிட வருவோருக்கு மற்ற விவரங்களிலும் ஐயம் எழும். காவை எல்லைக்குள் சேர்த்தெழுதினால் அண்டை வீட்டாரோடு வழக்கு. ஆகவே முதலில் மூடுகளை இனவாரியாக எண்ணி எழுதுக, பெயர் பிறகு. நெசவாள அங்கத்தினர் பாவு நீட்டும் மரநிழல் பொதுவிடமாயின், அதனையும் தவறாது குறிப்பிடுக.