'செம்மீன்' படத்தின் முடிவு

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என வகுத்தனர் நம் முன்னோர். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956 இல் எழுதிய மலையாள நாவலைத் தழுவி இராமு காரியாத் இயக்கி, 1965 இல் வெளியான 'செம்மீன்' அவ்விரங்கலிலேயே முடிகின்றது.

மனைவி கற்பு வழுவினால் கணவனைக் கடலம்மா கொள்வாள் என்பது அக்கதை மாந்தர் நம்பிக்கை. முன்னாட் காதலன் பரீக்குட்டியைக் கறுத்தம்மா மீண்டும் சந்திக்கும் இரவில், கணவன் பழனி தூண்டிலிற் பட்ட சுறாவோடு சுழியில் அமிழ்கின்றான். மறுநாள் காதலர் இருவரும் கைகோத்தபடி கரையிற் பிணமாய்க் கிடக்கின்றனர். நம்பிக்கை மெய்யாயிற்றெனவே முதலில் தோன்றும்.

ஆயின், பழனி தனியே சென்றது ஏன்? கறுத்தம்மா இல்லறத்தில் வழுவாதிருந்த நாளிலேயே ஊரார் அலர் தூற்றினர். அதுகேட்ட தோழர் அவனைத் தம்முடன் கடலுக்கு அழைத்துச் செல்வதை நிறுத்தினர். பெருஞ்சுறாவை எதிர்த்த வேளையில் உதவ ஒரு கையேனும் இல்லை.

ஆகவே, அவனை மாய்த்தது கடலம்மாவின் சினமன்று, ஊரார் நாவே. கற்பைக் காக்கும் கடமை முழுவதையும் பெண்மேற் சுமத்திய அவ்வூர், தான் நாகாக்க மறந்தது. இதனை உணர்ந்தார்க்கே அம்முடிவின் இரங்கல் முழுமையாய் விளங்கும்.